பட்டறைக்குக் கீழே இருபத்து மூன்று லிட்டர்

வீரமணி என் மனைவியின் தம்பி. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அந்த ஓர் உறவு மட்டும் இல்லையென்றால் அவனை என் களத்தில் நிற்கக்கூட விட்டிருக்க மாட்டேன்.

வயது ஐம்பத்திரண்டு. பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன். அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு வேறு. நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் ஆடு மேய்த்தேன். அரியலூருக்குத் தெற்கே அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. மக்காச்சோளம் இந்தப் பக்கம் பரவ ஆரம்பித்தபோது, கதிர் அடிக்கிற மெஷினுக்கு மூட்டை தூக்கப் போனேன். மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை மற்றவர்கள் பீடி குடிப்பார்கள். நான் மெஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். இன்றைக்குக் குரும்பலூரில் எனக்கு இரண்டு மெஷின், ஐந்து ஏக்கர் காடு, மாடி வைத்த வீடு. பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் எந்தக் காட்டுக்காரரிடம் வேண்டுமானாலும் மெஷின்காரர் செல்லப்பன் என்று கேட்டுப் பாருங்கள், வழி சொல்வார்கள். வீரமணி என்று கேட்டால், எந்த வீரமணி என்பார்கள்.

பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற யார்டில் இருந்தான். அங்கே போன ஒவ்வொருவனும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தான். ஒருவன் வெல்டிங் கடை வைத்தான், ஒருவன் கிரேன் ஓட்டுகிறான். இவன் கற்றுக்கொண்டு வந்தது வீட்டிலேயே பீர் செய்கிற வித்தை. யார்டில் இவனுக்கு மேலே இருந்த சீனக்காரர் ஒருவர் தன் வீட்டில் பொழுதுபோக்காக அதைச் செய்வாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் போய் அவருக்குப் பாட்டில் கழுவிக் கொடுத்திருக்கிறான். பிறகு அவரே இவனையும் செய்ய விட்டாராம். மற்றபடி அந்தப் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பீரைப் பற்றி மட்டும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு டின் விற்கிறார்கள். அதற்குள் மலைத்தேன் மாதிரி கெட்டியாக, கறுப்பாக ஒரு பாகு. பார்லியை முளை கட்டிக் காய்ச்சியது. அதை வெந்நீரில் கரைத்து, சர்க்கரை போட்டு, பச்சைத் தண்ணீர் விட்டு இருபத்து மூன்று லிட்டர் ஆக்க வேண்டும். டின் மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம் இருக்கும். அதைத் தூவி மூடி வைத்தால் பத்து நாளில் பீர். பாக்கெட் மாவில் குலாப் ஜாமூன் செய்கிற மாதிரிதான். அதற்குப் போய் ஒரு மனிதன் மார் தட்டிக்கொள்வானா?

ஊருக்கு வந்தபோது ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தான். நகை இருக்கும் என்று அவன் மனைவி மஞ்சு திறந்து பார்த்தாள். குழாய் வைத்த வெள்ளை பேரல் ஒன்று, பாட்டிலுக்கு மூடி அடிக்கிற கருவி ஒன்று, தண்ணீரில் மிதக்க விட்டு அளவு பார்க்கிற கண்ணாடிக் குழல் ஒன்று. அவள் அன்றைக்கே அந்த பேரலை எடுத்து மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஊற்ற வைத்துவிட்டாள். பதினோரு வருஷம் மாடு அதில்தான் குடித்தது. வீரமணி செல்போன் ரிப்பேர் கடை வைத்து மூடினான். நாட்டுக்கோழி வளர்த்து, கோழி செத்து, கொட்டகையைப் பிரித்தான். இப்போது மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஆபரேட்டர். காலையில் பட்டனை அமுக்குவான், சாயங்காலம் பட்டனை அமுக்குவான். இடையில் சிங்கப்பூரை நினைத்துக்கொண்டிருப்பான்.

இனி நான் சொல்ல வந்தது வெங்காயத்தைப் பற்றி.

என் மனைவி அம்சவள்ளியின் தாய் பொன்னம்மாள், பெரிய காட்டுக்காரர்களின் வெங்காயக் காட்டில் அறுப்பு முடிந்த பிறகு மண்ணில் தப்பிக் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்தவள். பொறுக்கியதை விற்றுவிடாமல், சின்னதாக, கெட்டியாக, தாமிரச் சிவப்பாக இருப்பதை மட்டும் தனியே எடுத்து, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்கு வாங்கிய கால் காணியில் நட்டாள். அதிலிருந்து மறுபடி பொறுக்கினாள். இப்படி இருபது வருஷம். அம்சவள்ளியைக் கட்டிக் கொடுத்தபோது நகை போட அவளிடம் ஒன்றும் இல்லை. ஒரு கூடை விதை வெங்காயம் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருஷமாக நாங்கள் வெளியில் விதை வாங்கியதில்லை. ஆடியில் எடுத்து, பட்டறையில் போட்டு, ஐப்பசியில் நடுகிறோம். அது தையில் வரும்; அதில் எடுத்த விதையைச் சித்திரையில் நட்டால் மறுபடி ஆடிக்கு வரும். விதை போனால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சந்தையில் வெங்காயம் கிடைக்கும். பொன்னம்மாளின் வெங்காயம் கிடைக்காது. அவளுடைய போட்டோகூட எங்களிடம் ஒன்று இல்லை.

ஒவ்வொரு வருஷமும் அந்த விதையில் ஒரு மரக்கால் அளந்து, அம்மா சொத்தில் உன் பங்கு என்று தம்பிக்குக் கொடுப்பாள் அம்சவள்ளி. அவன் அதைச் சாம்பாரில் போட்டுவிடுவான். அந்தச் சாம்பாரை நானும் ஒரு தடவை சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை.

பட்டறை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கருங்கல் கால் ஊன்றி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மூங்கில் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே கரும்புச் சோகை வேய்ந்தது. மூன்றடி அகலம், இருபதடி நீளம். கீழேயும் பக்கத்திலும் காற்று புகுந்து போகும். வெங்காயம் உள்ளே மூன்று மாதம் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். ஈரம் மட்டும் ஆகாது. ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பது அழுகும். பத்து நாளில் பட்டறையே நாறிப்போகும்.

போன ஆவணியில், மெஷினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது வீரமணி வந்தான். கூட அவனோடு சிங்கப்பூரில் ஒரே அறையில் இருந்த ஜெயசீலன். வரதராஜன்பேட்டைக்காரர், இன்னும் அங்கேதான் வேலை, லீவில் வந்திருந்தார். வீரமணியின் இரண்டு கையிலும் இரண்டு டின்.

"மாமா, இது என்னன்னு தெரியுதா?"

"டின்னு."

"உள்ள என்னன்னு தெரியுதா?"

"உன் கையில இருக்குன்னா உருப்படாத எதோ ஒண்ணு."

ஜெயசீலன் மரியாதை தெரிந்தவர். "பீர் போடுற சாமான்ங்க அண்ணே. நான்தான் கொண்டாந்தேன். சிங்கப்பூர்ல கடையில அடுக்கி வச்சு விக்கிறாங்க. அங்க வூட்ல போட்டுக்க சட்டம் இருக்கு" என்றார்.

"இங்க?"

அவர் பிடரியைத் தடவினார்.

"இங்க போலீஸ் வந்து பேரலையும் தூக்கும், இவனையும் தூக்கும்" என்றேன். "சாராயம் காய்ச்சுறவன் வேற, நான் வேறன்னு ஸ்டேஷன்ல போய் பாடம் எடுப்பியா?"

"விக்கவா போறேன் மாமா? எனக்கே எனக்கு. பதினோரு வருஷம் ஆச்சு. கை மறந்துருச்சான்னு பாக்கணும்."

"மறக்குறதுக்கு உன் கையில என்னடா இருந்துச்சு?"

அவன் சிரித்தான். அவனைத் திட்டுவதில் இருக்கிற கஷ்டமே இதுதான். திட்டினால் சிரிப்பான்.

"எடம்தான் மாமா பிரச்சன. எங்க வூடு தகரம் போட்டது, வேகுது. அதுக்குக் குளிர்ச்சி வேணும். உங்க பட்டறைக்குக் கீழ பாத்தேன். நெழலு, காத்து, நம்ம ஊர்லயே அப்படி ஒரு எடம் கெடையாது."

"பட்டறைக்குக் கீழ பேரலக் கண்டேன், பேரலோட சேத்து உன்னயும் மெஷின்ல வுட்டு அடிப்பேன்."

அதோடு போனான். போனான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஜெயங்கொண்டம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய இறவைச் சோளம் அடிக்க மெஷினோடு போய்விட்டேன். ஆறு நாள். திரும்பி வந்தபோது பட்டறையின் தெற்குக் கடைசியில், மூங்கிலுக்கு அடியில், ஈரச் சாக்கு போர்த்திய ஒரு உருவம். மூடியில் ஒரு சின்னக் குழாய், அது 'பொளக் பொளக்' என்று குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன அது?" என்று அம்சவள்ளியைக் கேட்டேன்.

"மீன் அமிலங்க. தம்பிதான் போட்டு வச்சிருக்கான். வெங்காயம் நட்டப்பறம் தெளிச்சா நல்லா தெரளுமாம். அம்மா வெங்காயத்துக்கு நானும் எதாச்சும் செய்யணும் அக்கான்னு சொன்னான்."

மீனும் வெல்லமும் போட்டு பேரலில் ஊறவைத்துப் பயிருக்குத் தெளிப்பது இங்கே எல்லோரும் செய்கிற வேலை. பாதிக் காட்டில் அப்படி ஒரு பேரல் நிழலில் இருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த அளவுக்கு அவனுக்கு மூளை வேலை செய்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். மீன் அமிலம் என்றால் பத்தடி தூரத்தில் மூக்கைப் பொத்த வேண்டும், ஈ மொய்க்க வேண்டும். இதில் பேக்கரி வாசனை வந்தது. ஒரு ஈ இல்லை. மெஷின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவன் நான். அதை மோப்பம் பிடிக்கவில்லை. ஏனென்றால் அன்றைக்கு மனசு கொஞ்சம் இளகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவழியாக அவனுக்குத் தாயின் வெங்காயம் கண்ணில் பட்டிருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். ஈரச் சாக்கை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

"ஈரம் மேல ஏறும். சொல்லு அவன்ட்ட."

"சொல்றேன்" என்றாள். சொல்லியிருக்கிறாள். அவன் பகலில் எடுத்துவிட்டு, நான் டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்துத் திரும்பப் போர்த்தியிருக்கிறான். பானைத் தண்ணீருக்கு ஈரத் துணி சுற்றுகிற அறிவு. மேலே இருப்பது தண்ணீர்ப் பானை இல்லை, வெங்காயம் என்கிற அறிவு கிடையாது.

மற்றது எல்லாம் பிறகு அவனை உட்கார வைத்து விசாரித்ததில் தெரிந்தது. அளவு பார்க்கிற கண்ணாடிக் குழல் பெட்டியிலேயே உடைந்து போயிருந்திருக்கிறது. அந்தக் குழல் இரண்டு நாள் ஒரே அளவைக் காட்டினால்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டுமாம். இல்லையென்றால் பாட்டிலுக்குள் பொங்குமாம். குழல் இல்லாததால் குமிழை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். ஏழாம் நாள் அம்சவள்ளி, வெள்ளிக்கிழமை பட்டறையைச் சுற்றிச் சுத்தம் பண்ணப் போகிறேன் என்று சொன்னதும் பயந்துபோய், குமிழ் மெதுவாகத்தான் வருகிறது, போதும் என்று அன்றைக்கே பாட்டிலில் ஊற்றிவிட்டான். பாட்டில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. மூடி அரியலூரில் சோடா போடுகிறவரிடம் கேட்டு வாங்கியது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட வேண்டும் என்பது மட்டும் சிங்கப்பூரிலிருந்து ஞாபகம் இருந்திருக்கிறது. அங்கே ஸ்பூன் என்றால் மருந்து குடிக்கிற அளவு. இவன் போட்டது நம்ம ஊர் டீ போடுகிற ஸ்பூன், குவித்து. முப்பத்து நாலு பாட்டில். மூன்று பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, அவள் சுத்தம் பண்ணி முடித்ததும் அதே இடத்தில், உள்ளே தள்ளி, சாக்குக்கு அடியில் ஒளித்தான். பேரலை அதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அமிலம் பழுத்துவிட்டது, வடிகட்ட எடுத்துப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னானாம்.

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்த மாதம் இரண்டாம் வாரம், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'டொப்' என்று ஒரு சத்தம்.

"குவாரியில வெடி வைக்கிறான்" என்றேன்.

"இந்நேரத்துலயா?" என்றாள் அம்சவள்ளி.

எங்கள் பக்கம் கல் குவாரி அதிகம். வெடிச் சத்தத்துக்கு யாரும் தலை திருப்ப மாட்டோம். இரண்டாவது சத்தம் வந்தது. ரசத்தைப் பிசைந்தேன். மூன்றாவது, நாலாவது சேர்ந்து வந்தபோது அவள் வெளியே போனாள். திரும்பி வரவில்லை. கூப்பிடவும் இல்லை. நான் கை கழுவாமல் எழுந்து போனேன்.

பட்டறையின் தெற்குக் கடைசியிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது. மூங்கில் சந்து வழியாக மேலே பீய்ச்சி, மறுபடி கீழே சொட்டுகிறது. கண்ணாடிச் சில்லு தட்டியில் குத்தி நிற்கிறது. அவள் பத்தடி தள்ளி நின்று தலையில் கை வைத்திருந்தாள். நான் பார்க்கும்போதே இன்னொன்று வெடித்தது.

போன் போட்டேன். "உன் மீனு வெடிக்குதுடா" என்றேன். நுரையின் வாசனையிலேயே அது என்ன என்று எனக்குப் பிடிபட்டிருந்தது.

பத்து நிமிஷத்தில் வந்தான். தலையில் ஹெல்மெட், உடம்பைச் சுற்றிக் கோணிச் சாக்கு, கையில் இரும்புக் கொக்கி. பின்னாலேயே மஞ்சு. அவள் வாய் சும்மா இருக்காது. "பத்து வருஷமா ஹெல்மெட்டுப் போட்டு வண்டி ஓட்டுய்யான்னு கெஞ்சுறேன். இன்னக்கித்தான் போட்டாரு. பீருக்கு" என்றாள்.

அப்போதுதான் அம்சவள்ளிக்குத் தெரிந்தது. "பீரா?" என்றாள். தம்பியைப் பார்த்தாள். அவன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். குப்புறப் படுத்து, கொக்கியை விட்டு, மூன்று கிரேட்டையும் அவனேதான் இழுத்தான். என்னைக் கிட்டே விடவில்லை. இரண்டாவதை இழுக்கும்போது ஒன்று வெடித்து முழங்கையைக் கிழித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்றாவதையும் இழுத்தான். பதினொரு பாட்டில் போயிருந்தது. மிச்சம் இருபத்து மூன்று. ஜெயசீலனுக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாக ஈரச் சாக்கால் மூடி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் காற்றை விட்டான். கடைசி பாட்டிலில் அடியில் நாலு விரல் மிஞ்சியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அதை வாயில் ஊற்றினான். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தான். துப்பினான்.

"புளிச்சிருச்சு. கழனி வாட அடிக்கிது" என்றான். பிறகு, "கை மறந்துருச்சு மாமா" என்றான்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. நாலு பதில் இருந்தது. அம்சவள்ளி என்னைப் பார்க்கவில்லை. பட்டறையின் சோகையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பதிலை விட்டுவிட்டு நானும் ஒரு பக்கம் பிரித்தேன்.

வெங்காயத்தை அள்ளி அள்ளித் தார்ப்பாயில் கொட்டினோம். தெற்குப் பக்கம் அடி அடுக்கு முழுக்கப் பிசுபிசுவென்று நனைந்திருந்தது. நனைந்தது போக, ஈரச் சாக்கின் ஆவி ஏறி ஒரு மூலை முளைவிட ஆரம்பித்திருந்தது. அம்சவள்ளி ஒவ்வொன்றாக எடுத்து, அமுக்கிப் பார்த்து, இரண்டு கூறாக வைத்தாள். தம்பியைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அம்மா கையிலேர்ந்து வந்ததுடா" என்றாள். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் அன்றைக்கு அவனைப் பேசியதை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. படித்தவனே, ஃபிட்டரே, சிங்கப்பூர் துரையே என்று ஆரம்பித்து, சாம்பார் வரைக்கும் போனேன். "உங்கம்மா குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குனாடா. நீ ஒக்காந்து ஊத்திக்கிட்ட" என்றேன்.

அப்போது வடக்குப் பக்கம் பிரித்துக்கொண்டிருந்த அம்சவள்ளி கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க."

போனேன். வடக்குக் கடைசியில், பாட்டில் இருந்த இடத்திலிருந்து பதினைந்தடி தள்ளி, அடியில் ஒரு முறம் அளவுக்குக் கறுத்து, கொழகொழத்துக் கிடந்தது. அதைச் சுற்றிலும் நாலு முறம் அளவுக்கு மஞ்சள் பூத்திருந்தது. கை வைத்தால் விரல் உள்ளே போகிறது.

"இது தம்பி பாட்டில் இல்லீங்க" என்றாள்.

எனக்குத் தெரியும் அது என்ன என்று. ஆடியில் வெங்காயம் பிடுங்கிய அன்றைக்குச் சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. தாளோடு இன்னும் ரெண்டு நாள் காயட்டும் என்று அவள் சொன்னாள். எனக்கு மறுநாள் காலையில் மெஷின் லால்குடி சாலையில் ஒரு காட்டுக்குப் போக வேண்டும். காய்ந்தது போதும் என்று நானே ஆளை விட்டு அள்ளிப் போட்டேன். கடைசியாகப் போட்டது வடக்குப் பக்கம். அதுவும் உயரமாகக் குவித்துப் போட்டேன். இன்னொரு பத்து நாள் திறக்காமல் இருந்திருந்தால் மிச்சமே இருந்திருக்காது. நான் செய்ததை நான் செய்யவில்லை என்று சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "ஆமா. அது நான் போட்டது" என்றேன். வீரமணி தலையைத் தூக்கிப் பார்த்தான். அதற்காக அவன் செய்தது நல்லதாகிவிடாது. ஒருவன் வீட்டில் தீ வைக்க வந்து, அங்கே ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த கேஸைக் கண்டுபிடித்தால் அவனுக்கு மாலை போடுவார்களா?

மூன்று நாள் மெஷின் கொட்டகையில் பரப்பி வைத்தோம். அந்த மூன்று நாளும் வீரமணி மோட்டார் பட்டனை அமுக்கிவிட்டு நேராக இங்கே வந்தான். மணிக்கு ஒரு தடவை வெங்காயத்தைப் புரட்டிவிட்டான். முழங்கையில் ஆறு தையல். ஒரு கையால்தான் புரட்டினான்; அதனால் பாதியை நான் மறுபடி புரட்ட வேண்டியிருந்தது. அவன் ஆரம்பித்து முடித்த ஒரே வேலை இதுதான் என்பதால் குறித்து வைக்கிறேன்.

ஒன்றரை ஏக்கருக்கு வைத்த விதை. பொறுக்கி எடுத்ததில் முக்கால் ஏக்கருக்குத்தான் தேறியது. ஐப்பசியில் மழைக்கு நடுவில் நட்டோம். மிச்ச முக்கால் ஏக்கரில் மக்காச்சோளம் போட்டேன். அம்சவள்ளி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நடவு முடிந்த அன்றைக்கு அவள் மரக்காலை எடுத்தாள்.

"என்ன பண்ற?" என்றேன்.

"தம்பி பங்கு."

"நமக்கே பாதிதான் இருக்கு. அதுலயும் அவனுக்குச் சாம்பாருக்கா?"

"நமக்குப் பாதின்னா அவனுக்கும் பாதி" என்று அரை மரக்கால் அளந்து கட்டிக் கொடுத்துவிட்டாள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியும், எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று.

கார்த்திகையில் ஒரு நாள் மோட்டார் ரூம் பக்கம் போனேன். மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால், நிரம்பி வழிகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குக் கொத்திப் பாத்தி கட்டியிருந்தான். பாத்தியில் பச்சையாக எட்டிப் பார்த்தது வெங்காயத் தாள். நாலு வரிசை. வரிசை கோணல். குனிந்து மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். வெங்காயத்தை மூன்று விரல்கடை ஆழத்தில் புதைத்திருக்கிறான். கிழங்கு வைக்கிறவன்கூட அவ்வளவு ஆழம் வைக்க மாட்டான்.

"யாருடா உனக்கு இப்புடி நடச் சொன்னது?"

"யாரையும் கேக்கல மாமா. கேட்டா திட்டுவீங்க."

"கேக்காட்டியும் திட்டுவேன். மண்ண ஒதுக்குடா. வெங்காயத்தோட தோள் வெளிய தெரியணும்."

அவன் ஒரு வரிசையில் ஒதுக்கினான், நான் ஒரு வரிசையில் ஒதுக்கினேன். நான் இரண்டு வரிசை முடிக்கும்போது அவன் அரை வரிசையில் இருந்தான்.

"அந்த இன்னொரு டின் எங்கடா? ஜெயசீலன் ரெண்டு கொண்டாந்தாரே?"

"அக்காகிட்ட இருக்கு."

"அவகிட்ட எதுக்கு?"

"அடகு மாமா. அரை மரக்கால் வாங்கிட்டுப் போறல்ல, வெங்காயம் எடுத்து ஒரு மரக்காலாத் திருப்பிக் குடு, அப்பத்தான் டின்னுன்னு சொல்லிடுச்சு."

வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தேன். அரிசிக்கு நடுவில் தலைகீழாகப் புதைந்து, அடிப்பக்கம் மட்டும் தெரியக் கிடந்தது டின். எடுக்கப் போனேன். "கை வைக்காதீங்க" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டின் அடியில் தேதி அடித்திருக்கிறது. மாசி மாதக் கடைசி வரைக்கும்தான் தாங்கும். வெங்காயம் தையில் வரும். அவனுக்கு அந்தத் தேதி மனப்பாடம் போலிருக்கிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறானாம். வெங்காயத்துக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது. நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.